புதைத்த குப்பை விடும் மூச்சு

கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் அநேகமாக இருக்க மாட்டார். ஏரிக்கரையிலும் சேற்று நிலத்திலும் நள்ளிரவில் வாயைத் திறந்து திறந்து நெருப்பைக் காட்டும் அந்தப் பிசாசைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லிய கதைகளைக் கேட்டுப் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக் கொண்டவர்கள் இந்தப் பத்திரிகையின் நேயர்களில் பலர் இருப்பார்கள். சேற்றில் அழுகும் இலை, தழைகளிலிருந்து எழும் வாயு தீப்பற்றுவதே அந்தக் காட்சிக்குக் காரணம் என்று பின்னாளில் விஞ்ஞானிகள் பலர் கருதினார்கள். இத்தாலி தேசத்து வோல்டா என்னும் அறிஞர் 1776-ஆம் வருஷத்தில் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, அதிலிருந்து குமிழியிட்டு எழுந்த வாயுவைச் சேகரித்து, அது எரியக் கூடியது என்று காட்டினார். சதுப்பு வாயு என்று அக்காலத்தில் பெயர் பெற்ற அதுவே இன்று மீதேன் எனப்படுகிறது.

பாட்டியின் பிசாசு சேற்று நிலத்தில் மாத்திரம் குடியிருந்தது. நாமோ அதற்கு நகரங்களிலேயே வீடு கட்டிக் கொடுத்திருக்கிறோம். எங்கெல்லாம் குப்பையைக் கொட்டி மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறோமோ, அங்கெல்லாம் அது வாசம் செய்கிறது.

ஒரு விஷயத்தை இனிப் பேச வேண்டாம் என்றால் “மண்ணைப் போட்டு மூடு” என்று சொல்வது நம் வழக்கம். மண்ணுக்குள் போனது முடிந்து போனது என்பது நம்முடைய எண்ணம். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க, அரியலூர் ஜில்லாவில் செந்துறைக்கு அண்மையிலுள்ள ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு முறை போய் வரலாம். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்ற ஊர். அந்தச் சீமையில் சுண்ணாம்புக் கல் வெட்டிய குழிகள் பல உண்டு. அக்கற்களில் சிப்பிகளைக் காணலாம். ஏறக்குறைய 7 கோடி வருஷங்களுக்கு முன் அங்கே அலையடித்த கடலில் வாழ்ந்த பிராணிகள் அவை. கடல் போய்விட்டது, சிப்பி இருக்கிறது. ஆகவே, மண் தன்னிடம் கொடுத்ததை அப்படியே வைத்துக் கொள்ளும் என்று ஒருவர் நினைத்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால், சிப்பியின் கதை வேறு, சோற்றுப் பருக்கையின் கதை வேறு. வாழைப்பட்டையையும் காய்கறித் தோலையும் பழைய காகிதத்தையும் மண் அப்படியே வைத்துக் கொள்வதில்லை. அவற்றைத் தின்பதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி ஜீவராசிகள் காத்திருக்கின்றன.

குப்பையை மூடிய முதல் சில நாட்களில், அதன் இடுக்குகளில் சிக்கிய பிராணவாயுவைச் சுவாசிக்கும் கிருமிகள் வேலை செய்கின்றன. பிராணவாயு தீர்ந்ததும் அவை ஓய்ந்து விடுகின்றன. அப்பால் பிராணவாயு வேண்டாத வேறொரு கூட்டம் வருகிறது. இது பொருள்களைப் புளிக்க வைக்கிறது. புளிப்பு அமிலங்களும் கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் உண்டாகின்றன. மூன்றாவதாக வரும் கூட்டந்தான் மீதேனை உண்டாக்குகிறது. இது பிராணவாயு பட்டால் வேலை செய்யாத இனம். முதலிரு கூட்டங்கள் விட்டுச் சென்ற மிச்சத்தை உண்டு பிழைக்கிறது. இந்த நிலை ஏற்பட்ட பிறகு குப்பையிலிருந்து வரும் வாயுவில் ஏறக்குறையப் பாதி மீதேன்; மீதியில் பெரும் பகுதி கரியமில வாயு. அழுகல் நாற்றம் தரும் கந்தக வாயுக்கள் சிறிதளவே இருக்கும். இந்த உற்பத்தி, கொட்டுவதை நிறுத்திய அன்று நிற்பதில்லை. இருபது, முப்பது வருஷங்கள் வரையிலும், சில இடங்களில் அதற்கு மேலும் நடந்து கொண்டேயிருக்கும்.

வாயு உண்டாகிவிட்டது, அது எப்படி நகர்கிறது? இதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் நம் வீட்டிலேயே பார்க்கலாம்.

முதலாவது அழுத்தம். உலை கொதிக்கும்போது நீராவி பானைத் தட்டைத் தூக்கிக் கொண்டு வெளிவருகிறது. புதைத்த குப்பைக்குள்ளும் வாயு பெருகப் பெருக அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் குறைவான இடத்தை நோக்கி அது ஓடுகிறது. இரண்டாவது பரவுதல். பூஜை அறையில் ஏற்றிய ஊதுவத்தியின் மணம், காற்றே வீசாவிட்டாலும் சமையலறைக்கு வந்து சேர்கிறதல்லவா? செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் செல்வது வாயுக்களின் இயல்பு. மூன்றாவது, நீரில் கரைந்து போதல். கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குகிறதே, அது நீரில் அடைபட்டிருந்த கரியமில வாயு. குப்பையில் ஊறும் கசிவு நீரும் இவ்வாறு வாயுவைச் சுமந்து நிலத்தடியில் நெடுந்தூரம் சென்று, அழுத்தம் குறைந்த இடத்தில் விட்டுவிடும். கரியமில வாயு நீரில் நன்றாகக் கரையும். மீதேன் கொஞ்சந்தான் கரையும்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். “மீதேன் காற்றைவிட இலேசானது என்கிறார்களே! அது நேரே மேலே போய் ஆகாசத்தில் கலந்து விடாதா?” என்று நேயர்கள் கேட்கக் கூடும். தனி மீதேன் இலேசானதுதான். காற்றின் கனத்தில் பாதிக்குச் சற்று மேல். கரியமில வாயுவோ காற்றைப் போல் ஒன்றரை மடங்கு கனமானது. இரண்டும் சரிபாதி கலந்தால் அந்தக் கலவையின் கனம் ஏறக்குறையக் காற்றின் கனமே. ஆகையால், அது மேலேதான் போகும் என்றோ, கீழேதான் தங்கும் என்றோ நம்பி இருக்க முடியாது. எந்தப் பக்கம் வழி கிடைக்கிறதோ அந்தப் பக்கம் போகும்.

வழி எந்தப் பக்கம் கிடைக்கும் என்பதில்தான் விஷயத்தின் ஆபத்து அடங்கியிருக்கிறது. குப்பையை அடுக்கடுக்காகப் பரப்பி, மேலே மண் போட்டு, யந்திரம் ஏற்றி மிதிக்கிறார்கள். இதனால் ஓலைச் சுவடிக் கட்டைப் போல அடுக்குகள் படுத்துக் கிடக்கின்றன. சுவடியில் ஏட்டைத் துளைத்து மேலே போவதைக் காட்டிலும், ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே பக்கவாட்டில் ஊர்ந்து போவது எளிதல்லவா? குப்பை வாயுவுக்கும் அப்படியே. போதாக்குறைக்கு, மழைநீர் இறங்காமல் இருக்க மேலே களிமண் மூடி போடுகிறோம். மழைநீரைத் தடுக்கும் மூடி வாயுவையும் தடுக்கிறது. மேல் வழி அடைபட்ட வாயு, சுற்றியுள்ள மணலிலும் பாறைப் பிளவிலும் பழைய சாக்கடைக் குழாயைச் சுற்றியுள்ள தளர்ந்த மண்ணிலும் புகுந்து, அண்டை வீட்டின் அஸ்திவாரத்தின் கீழ் போய் நிற்கிறது. தரையில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தால் போதும்; அழைக்காத விருந்தாளி உள்ளே வந்து விடுவான்.

இங்கிலாந்தில் டெர்பிஷயர் ஜில்லாவில் லாஸ்கோ என்றொரு சிற்றூர். அங்கே செங்கல்லுக்குக் களிமண் வெட்டிய குழி ஒன்றைக் குப்பையால் நிரப்பி மூடினார்கள். 1986-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி அதிகாலையில், அந்தக் குழியிலிருந்து ஏறக்குறைய 70 மீட்டர் தள்ளியிருந்த ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமாயிற்று. உள்ளே இருந்த மூவர் படுகாயமடைந்தார்கள். உயிர் தப்பியது தெய்வாதீனம். வாயு பாறைப் பிளவுகளின் வழியே ஊர்ந்து வந்து வீட்டின் அடியில் சேர்ந்திருந்தது.

அன்றைக்கென்று வெடிப்பானேன்? விசாரணையில் வெளிவந்த காரணம் வெகு நூதனமானது. அதற்கு முந்திய 7 மணி நேரத்தில் ஆகாய அழுத்தம் 29 மில்லிபார் குறைந்திருந்தது. சாதாரணமாக அந்த அழுத்தம் 1,000 மில்லிபாருக்குச் சற்று மேல் இருக்கும். ஆகவே நூற்றில் மூன்று பங்கு குறைந்தது என்று வைத்துக் கொள்ளலாம். நம் தலைக்கு மேலுள்ள காற்று ஒரு பாறாங்கல்லைப் போலப் பூமியை அழுத்திக் கொண்டிருக்கிறது. அந்தக் கல்லின் பாரம் திடீரென்று குறைந்தால், மண்ணின் துவாரங்களில் அடங்கிக் கிடந்த வாயு விரிந்து கிளம்புகிறது. பூமி அன்று ஒரு பெருமூச்சு விட்டது. அந்த மூச்சு ஒரு வீட்டுக்குள் போயிற்று.

இந்தச் செய்தி சீமையோடு நிற்கவில்லை. நம் உஷ்ண நாட்டில் ஆகாய அழுத்தம் நாள்தோறும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி அளவில் உச்சம், மாலை நாலு மணி அளவில் இறக்கம். இந்த ஏற்ற இறக்கம் சில மில்லிபார்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் உருவாகிக் கரையை நெருங்கும்போது அழுத்தம் வேகமாகக் குறைகிறது. அதே சமயத்தில் அடைமழை மேல்மண்ணின் துவாரங்களை நீரால் அடைத்து விடுகிறது. உள்ளே வாயு விரிகிறது. மேலே கதவு சாத்தியிருக்கிறது. பக்கவாட்டு வழியைத் தவிர அதற்கு வேறு போக்கு ஏது? மூடிய குப்பை மேட்டின் அருகில் குடியிருப்போர் மழைக் காலத்தில் அதிக எச்சரிக்கையாக இருக்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

மீதேன் காற்றில் நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும்போது, ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அதற்குக் குறைந்தால் வெடிக்காது. அதற்கு மிஞ்சினாலும் பிராணவாயு போதாமல் வெடிக்காது; ஆயினும் காற்று சேரச் சேர எந்த நிமிஷத்திலும் வெடிக்கும் அளவுக்கு வந்துவிடலாம். தனி மீதேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மண்ணின் ஊடே வரும்போது நாற்ற வாயுக்கள் வடிகட்டப்பட்டு விடுவதும் உண்டு. ஆகவே, “நாற்றம் இல்லை, அபாயமும் இல்லை” என்று தைரியம் கொள்வது தவறு.

வெடிக்காத போதும் இந்த வாயுக்கள் சும்மா இருப்பதில்லை. பம்பாயில் மலாட் பகுதியில் பழைய குப்பை நிலத்தின்மேல் பெரிய அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. அங்கே கம்ப்யூட்டர்கள் அடிக்கடி பழுதாயின. குப்பையிலிருந்து கசிந்த கந்தக வாயு செம்பையும் வெள்ளியையும் அரித்து விடுகிறது என்று கருதப்பட்டது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். உலோகத்தைக் கறுக்க வைக்கும் காற்றை மனிதர்களும் நாள் முழுவதும் சுவாசித்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சென்னைப் பட்டணத்தின் கதையை நேயர்கள் அறிவார்கள். பறவைகள் வந்து தங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியைப் பெருங்குடிக் குப்பை மேடு விழுங்கியது. 200 ஏக்கருக்கு மேல் பரந்த அந்த மேட்டில் 2022-ஆம் வருஷம் ஏப்ரல் மாதக் கடைசியில் பற்றிய தீ பல நாட்கள் புகைந்தது. முதற்பொறி எங்கிருந்து வந்தாலும், உள்ளிருந்து ஊறும் மீதேன் அதற்கு நெய் வார்த்தது போலத்தான். தீயணைப்போர் மேலே நீரை ஊற்றினால் உள்ளே கனல் இடம் மாறும். காற்றுப் புகும் பக்கம் மறுபடியும் சுவாலை எழும். எந்தச் சதுப்பு நிலத்தின்மேல் இந்தக் கோலம் நடந்ததோ, அதே பள்ளிக்கரணை அதே வருஷத்தில் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் உலகப் பிரசித்தி பெற்ற ஈர நிலமாக ஏற்கப்பட்டது! ஒரு கையால் மகுடம் சூட்டினோம்; மறு கையால் குப்பைக் கூடையைக் கவிழ்த்திருந்தோம்.

இப்போது பழைய மேடுகளைத் தோண்டி, உலர்த்தி, சல்லடையிட்டுப் பிரிக்கும் காரியம் பெருங்குடி உள்ளிட்ட பல ஊர்களில் நடந்து வருகிறது. மண் ஒரு புறம். கல் ஒரு புறம். எரியக் கூடிய துணியும் பிளாஸ்டிக்கும் ஒரு புறம். எரியும் பகுதியைச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். அரியலூர்ச் சீமையின் ஆலைகளுக்கும் இதில் பங்கு உண்டு. சிமெண்ட் சூளையில் பொருள்களின் சூடு 1,450 டிகிரிவரை ஏறுகிறது. அந்தச் சூட்டில் எரிவதன் சாம்பலும் சிமெண்டோடு கலந்து விடுகிறது. பட்டணத்தில் நாம் தூக்கி எறிந்த பை, நூற்றைம்பது மைலுக்கு அப்பால் சிப்பிகள் உறங்கும் ஊரில் நெருப்பாகிறது. கொட்டியவர்கள் ஓரிடம், புகைபோக்கியைப் பார்த்துக் கொண்டு வாழ்பவர்கள் வேறிடம் என்பதை நாம் நினைவில் வைப்பது நியாயம். அந்தப் புகையை அளந்து, அளவை ஊராருக்கு வெளிப்படையாகச் சொல்லி வர வேண்டியதும் நியாயம்.

ஆனால், இந்தக் காரியத்தினால் மீதேன் விஷயம் தீர்ந்ததாக எண்ணக் கூடாது. சூளைக்குப் போவது பிளாஸ்டிக்கும் துணியும். மீதேனை ஈன்றது சோறும் தோலும். தோண்டுகிற போதே அடைபட்டிருந்த வாயு வெளிப்படுகிறது. தோண்டும் தொழிலாளர்களுக்கு வாயு அளக்கும் கருவியும் தக்க பாதுகாப்பும் இல்லாவிட்டால், நம் பாவத்தை அவர்கள் சுமக்கிறார்கள் என்றே அர்த்தம்.

இன்னொரு யோசனை சிலருக்குத் தோன்றலாம். கல் வெட்டி முடித்த குழிகள் சும்மாதானே கிடக்கின்றன, அவற்றைக் குப்பையால் நிரப்பி மண்ணைப் போட்டு மூடினால் என்ன? இது பார்வைக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால், லாஸ்கோவிலும் அது ஒரு வெட்டிய குழிதான். சுண்ணாம்புப் பாறையோ நீரில் மெல்ல மெல்லக் கரைந்து பிளவும் பொந்தும் உண்டாகக் கூடிய ஜாதி. அந்தப் பிளவுகள் வாயுவுக்கு ராஜபாட்டை; கசிவு நீருக்கோ கிணற்றுக்குக் குறுக்கு வழி. அடியிலும் பக்கங்களிலும் கெட்டியான காப்புப் போடாமல் அத்தகைய குழியில் குப்பையை இடுவது, வீட்டுக்குள் சுரங்கம் வெட்டித் திருடனை அழைப்பதற்குச் சமானம்.

அப்படியானால், ஏற்கெனவே மூடிய மேடுகளை என்ன செய்வது? மூச்சை அடக்க முயலாமல், அதற்கு ஒழுங்கான மூக்கு வைத்துக் கொடுப்பதே வழி. மேட்டுக்குள் துளையிட்ட குழாய்களைக் கிணறு போல இறக்கி, வாயுவை உறிஞ்சி எடுத்து எரித்து விடலாம். மிகுதியாகக் கிடைத்தால் மின்சாரமும் எடுக்கலாம். எரிப்பதில் இன்னொரு நன்மை உண்டு. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை மீதேன் கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. எரித்தால் அது கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறிவிடும். பம்பாயில் கோராய்க் கழியோரம் இருந்த பழைய குப்பை நிலத்தை இந்த முறையில் சரிவு திருத்தி, மூடி, குழாய் பதித்து அடக்கினார்கள். மேட்டைச் சுற்றி ஜல்லி நிரப்பிய ஆழமான வாய்க்கால் வெட்டினால், பக்கவாட்டில் ஓடும் வாயு அங்கே மேலெழுந்து காற்றில் கலந்து விடும். எல்லையோரம் துளைகள் போட்டு மாதந்தோறும் வாயுவை அளந்து வர வேண்டும். மேலே தளர்ந்த மக்கிய மண்ணைப் பரப்பினால், மீதேனையே உண்டு வாழும் கிருமிகள் அதில் பெருகி, கசிவதில் ஒரு பகுதியை அழித்து விடுகின்றன. இயற்கை நோயைக் கொடுத்த வீதியிலேயே மருந்துக் கடையையும் வைத்திருக்கிறது!

மேட்டின் அருகில் வசிப்போர் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. காரணமின்றிப் புல்லும் செடியும் வட்ட வட்டமாகக் கருகுதல். மழைநீர்த் தேக்கத்தில் ஓயாது குமிழி எழுதல். மூடிய அறையில் தலைவலியும் மயக்கமும் வருதல். இவை கண்டால் ஜன்னல்களைத் திறந்து விட்டு, அதிகாரிகளிடம் சொல்லி அளக்கச் செய்ய வேண்டும்.

முக்கியமாக ஒன்று. பாழுங் கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் உள்ளே மூச்சுக் காற்று இல்லை என்று அறிந்து கொள்வார்கள். கரியமில வாயு மிக அதிகமாக இருந்தால் அது காட்டிக் கொடுக்கும். ஆனால், குப்பை மேட்டின் அருகிலுள்ள கிணற்றிலும், கழிவு நீர்த் தொட்டியிலும் மீதேன் இருக்கக் கூடும். அங்கே இறக்கும் விளக்கு சோதனையாக இராது, வெடிக்குத் திரியாகிவிடும். அத்தகைய இடங்களில் நெருப்பும் கூடாது, மனிதரை இறக்குவதும் கூடாது. ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய மற்றவரும் மாள்வது என்ற செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்!

கடைசியாக, வேரை நோக்குவோம். ஆல்பர்ட் ஹவார்டு என்னும் ஆங்கிலேய விவசாய சாஸ்திரி 1924 முதல் 1931 வரையில் இந்தூரில் இருந்து, நம் குடியானவர்களின் எருக்குழி வழக்கத்திலிருந்து பாடம் கற்று, குப்பையைக் காற்றுப்படக் கிளறி எருவாக்கும் முறையை வகுத்தார். தஞ்சையில் பிறந்த குமரப்பா, பூமியிலிருந்து எடுத்ததைப் பூமிக்குத் திருப்பித் தருவதே நிலைத்த பொருளாதாரம் என்று வாழ்நாள் முழுதும் வாதித்தார். காற்றுப்பட மக்கினால் எரு. மூடிய கலத்தில் அழுகினால் அடுப்பு எரிக்கும் சாண வாயு. கவனமின்றிப் புதைத்தால் கொள்ளிவாய்ப் பிசாசு. பொருள் ஒன்றே, நாம் அதை நடத்தும் முறைதான் வேறு.

ஆகவே, தாய்மார்களே, சமையலறையில் இரண்டு கூடைகள் வையுங்கள். அழுகுவது ஒன்றில், அழுகாதது மற்றொன்றில். கொல்லை உள்ளவர்கள் ஒரு சிறு குழி வெட்டுங்கள். இல்லாதவர்கள் மாடியில் ஒரு தொட்டி வையுங்கள். “நம் வீட்டுக் கைப்பிடித் தோலாலா ஊர் வெடிக்கப் போகிறது?” என்று கேட்கலாம். பெருங்குடி மேடு முழுவதும் அப்படிப்பட்ட கைப்பிடிகளால் ஆனதுதான். எருக்குழியில் சில மாதங்கள் கழித்துக் கையை விட்டுப் பாருங்கள். முதல் மழைக்குப் பின் வயலில் எழும் மண் வாசனை அதில் இருக்கும். மண்ணைப் போட்டு மூடுவதற்கும், மண்ணோடு மண்ணாகச் சேர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த வாசனையிலேயே தெரிந்து போகும்.